கைதட்டு மைக்

இல்ல பாய், படம் வேணாம். டிவி பாட்டுக்கு அணஞ்சே கெடக்கட்டும். எனக்குச் சத்தம் மட்டும் போதும். பிளேயருக்குப் பின்னாடி ரெண்டு பின்னு சொருகியிருக்குல்ல, வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு? அதுல வெள்ளையப் புடுங்கிருங்க. அட புடுங்குங்க, ஒண்ணும் ஆகாது. முப்பது வருசமா வயரோடதேன் குடும்பம் நடத்துறேன். ம்ம். இப்ப ஓடவிடுங்க.

பாத்தீகளா? பாட்டு எங்கிட்டோ தள்ளிப் போயிருச்சா? பக்கத்துத் தெருவுல பாடுற மாதிரி இருக்கா? இப்ப ஜனம் முன்னாடி வந்துருச்சு பாருங்க. புள்ள அழுகுது, கடல விக்கிறவன் கூவுறான், எவளோ ஒருத்தி தள்ளி உக்காருடிங்கிறா. இதுதேன் நமக்கு வேணும். பாட்டு வேணாம்.

சிரிக்கிறீக. ராஜகுரு கச்சேரி சிடியக் கொண்டாந்து வச்சுக்கிட்டு பாட்டு வேணாங்குறானே, கிறுக்குப் பயலான்னு. உங்க கடையிலயும் தொங்குதே, வரும்போதே பாத்தேன். அட்டையில கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு, கண்ணெல்லாம் தண்ணியா நிக்கிறான்ல, அதேதேன். ரெண்டு சிடி. சொந்த ஊருல மொத மொதக் கச்சேரி. போன வருசச் சித்திரத் திருவிழா முடிஞ்சு ரெண்டு வாரத்துல, எங்க வில்லாபுரத்துல நடந்துச்சு.

வேல என்னன்னா பாய், இந்த ரெண்டு சிடிலயும் ஒரு பொம்பள பேசுறது ஒன்பது எடத்துல வரும். எந்த நிமிசம், எந்த செகண்டுன்னு எனக்கு மனப்பாடம். எழுத்துதேன் வராது, நம்பரு தெரியும். அந்தப் பேச்ச மட்டும் வெட்டி எடுத்து வரிசையாக் கோத்து ஒரு சிடியாப் போட்டுத் தரணும். மகளுக்கு. கடைசி ஒண்ண மட்டும் விட்ருங்க. எட்டு போதும். ஒன்பதாவது மகளுக்கு வேணாம்.

ஏனா? அது... சத்தம் சரியா இல்ல பாய். விட்ருங்க.

நான் யாரா? ரெண்டாவது சிடி முடியையில எழுத்து ஓடும் பாருங்க. ஒலி அமைப்பு, காசிமாயன், வில்லாபுரம்னு. அந்தக் காசிமாயன் நாந்தேன். டீக்கடை டிவில ஓடையில ஒருத்தன் காட்டுனான், இந்தா ஓடுதுண்ணே உங்க பேருன்னு. பாக்குறதுக்குள்ள ஓடிப்போச்சு.

அந்தக் கச்சேரிக்கு மைக்செட்டு நம்மளது. சென்னைலருந்து வீடியோக்காரய்ங்க வந்தாய்ங்க. எங்க பொட்டிகளப் பாத்துட்டு ஒருத்தன் கேக்குறான், இது பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கட்டுறதாச்சேன்னு. ராஜகுரு விடல. நா மொத மொதப் பாடுனதே இவுக மைக்குலதேன், கோயில் கொடைத் திருவிழாவுல ஸ்டூலு மேல ஏத்திவிட்டவரே இவருதேன், காசிமாயண்ணன் கட்டலேன்னா எனக்குக் கச்சேரியே வேணாம்னுட்டான். பட்டுநூல்கார வீட்டுப் புள்ள பாய். அவுக அப்பா ராமமூர்த்தி சாயப் பட்டறையில கெடந்தவரு. அவரு கையி நீலமா இருக்கும், பாத்தாப் பயப்படுவோம். சென்னைக்குப் போயி இம்புட்டுப் பேரு வாங்கியும் அந்தப் பய மறக்கல. அப்ப நான் எப்படி இருப்பேன் சொல்லுங்க. இவன் மானம் எங்கையில இருக்குன்னு நெனச்சேன். ஒரு கர்ருச் சத்தம், ஒரு கொய்ங்ங்கு சத்தம் வரக்கூடாது. செத்தாலும் சத்தத்தக் கூட்டிக் கொறைக்குற மிக்சர விட்டு நகரக் கூடாதுன்னு உக்காந்தேன்.

இந்தா, வருது. பேசாதீக. பன்னெண்டு நாப்பது.

கேட்டுச்சா?

இன்னொருக்கா போடுங்க. ம்ம். மாமா, நா பேசுறது கேக்குதா, கேட்டாக் கையத் தூக்குங்கங்குறா பாருங்க. அதுதேன் மலையம்மா. எம்பொண்டாட்டி.

ஆமா, எப்படி வந்துச்சுன்னு கேக்குறீக, அது ஒரு கூத்து. வீடியோக்காரய்ங்க, சனம் கைதட்டுற சத்தம் தனியா வேணும், அதுக்கு ஒரு மைக் வைங்கன்னாய்ங்க. நம்மகிட்ட மிச்சம் இருந்தது ஒரே மைக். ஆம்பளைக பக்கம் வச்சா விசிலடிச்சே மைக்கக் கொன்றுவாய்ங்க. பொம்பளைக பக்கம் மூங்கில்ல கட்டி வச்சேன். அந்தச் சத்தம் வெளிய பொட்டில வராது. ரிக்கார்டுக்குப் போகும், எங்காதுல மாட்டியிருக்க ஹெட்போனுக்கு வரும், அம்புட்டுத்தேன். எடது காதுல பாட்டு, வலது காதுல சனம். பெறகு சென்னையில வச்சு ரெண்டையும் கலந்துக்குறோம்னாய்ங்க. எங்க கலந்தாய்ங்க? அவசர அவசரமா அப்படியே போட்டு வித்துட்டாய்ங்க. பாட்டு வெள்ளையில, சனம் செவப்புல. வீட்டு டிவில ஒரு பொட்டிதேன, ரெண்டும் சேந்து வந்துரும், பாட்டுச் சத்தத்துல இவ பேச்சு அமுங்கிப் போகும். எவனுக்கும் தெரியல.

மலையம்மா வந்தா, ராசாத்தி மாதிரி பட்டுச் சீல கட்டிக்கிட்டு. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல எங்கச்சேரிக்கு வந்து உக்காந்ததே அன்னைக்குத்தேன். வேற எங்க வருவா? நான் மைக்செட்டக் கட்டப் போனா வீட்டுக்கு ஒறங்கத்தேன் வருவேன். நாந்தேன் அவளக் கூட்டியாந்து அந்த மூங்கில் பக்கத்துல உக்கார வச்சேன். இந்தாடி, ஒனக்கு ஏதாச்சும் வேணும்னா என்னையத் தேடி வராத, கூட்டத்துல மிதிபடுவ. இந்த மைக்குகிட்ட மெல்லச் சொல்லு, எனக்கு மட்டும் கேக்கும். ஊருக்குக் கேக்காதுன்னேன். அவளுக்குச் சிரிப்பு. நெசமாவா மாமா, டெலிபோன் மாதிரியா? ஆமாடி, டெலிபோன் மாதிரிதேன்னேன்.

அடுத்தது பதினஞ்சு பத்து. பக்கத்துல இருக்கவகிட்ட சொல்லுறா, கேளுங்க. பாத்தியாடி, கையத் தூக்குறாரு! வீட்ல தொண்ட கிழியக் கத்துனாலும் திரும்ப மாட்டாரு!

ஹ்ம். வாயி. அவ வாய்க்கு எங்க தெருவே நடுங்கும் பாய்.

இதையும் எடுத்துக்கங்க. மூணாவது, முறுக்குக்காரன் அங்கிட்டு வாரான், ரெண்டு பாக்கெட்டு வாங்கி விடுங்கன்னு கேப்பா. நாலாவது, அந்தப் பய ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்கான், சென்னையில ஒருத்தியும் சோறு பொங்கலயான்னு கேப்பா. அது ராஜகுருவச் சொல்லுறது. அஞ்சாவது ஒண்ணுமில்ல, இருமுவா. அதையும் போடுங்க. இருமுனாலும் அவ இருமல்தேன. ஆறாவது எனக்குப் புடிச்சது. ராஜகுரு மேடையில வச்சு, இந்தா உக்காந்திருக்காரே காசிமாயண்ணன், இவரு குடுத்த மைக்குதேன் என்னைய ஆளாக்குச்சுன்னான். சனம் அம்புட்டும் திரும்பி எம்பக்கம் பாத்துக் கைதட்டுது. அந்தக் கைதட்டுக்குள்ள இவ சொல்லுறா பாருங்க: மாமா, அழுகாதீக, மூக்கு செவக்குது.

அம்புட்டுத் தூரத்துலருந்து அவளுக்கு எங்கிட்டுத் தெரிஞ்சுச்சு எம்மூக்கு?

இல்ல, தண்ணி வேணாம் பாய். இருக்கட்டும்.

இப்ப இல்ல அவ. வர்ற வெள்ளிக்கெழம வருசம் திரும்புது. மகளக் குடுத்தது ஆனையூருல. பேரு முத்துப்பேச்சி. போன மாசம் போனப்ப, புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே சொல்லுறா, அப்பா, அம்மா போட்டோ நாலு இருக்கு, மொகம் மறக்கல. ஆனா அம்மா பேசுனது மறந்துக்கிட்டே வருதுப்பா, நெனவுல வாயி மட்டும் அசையுது, சத்தம் வரமாட்டேங்குதுன்னு. நான் மைக்செட்டுக்காரன். ஊருல இருக்கவன் கொரலையெல்லாம் புடிச்சுப் பெருசாக்கி நாலு தெருவுக்குக் கேக்கவச்சவன். எம்பொண்டாட்டி கொரல் எங்க வீட்ல ஒரு கேசட்டுல இல்ல. மக கல்யாணக் கேசட்டப் போட்டுப் பாத்தோம். அதுல வாரா, பேசுறா, சிரிக்கிறா, யாரையோ வையுறா கூட. ஒரு சொல்லு கேக்குதா? கேக்காது. நீங்கதேன் கல்யாணக் கேசட்டுனா மேல சினிமாப் பாட்டத் தூக்கிப் போட்டு மூடிருவீகளே. உங்களச் சொல்லல பாய், உங்க தொழில்ல எல்லாரையும் சொல்லுறேன். அவ வாயத் தொறக்குற எடமெல்லாம் எவனோ ஒருத்தன் டூயட்டு பாடுறான்.

இந்த சிடில அவ இருக்கது எப்படித் தெரிஞ்சுச்சா? அது தானா நடந்துச்சு. நான் இத வாங்குனதோட சரி, போட்டே பாக்கல. மக அப்படிச் சொன்ன மறுநாளு, எங்கயாச்சும் கூட்டத்துல அவ மொகமாவது வருதான்னு போட்டேன். எங்க வீட்டு மெசின்ல பின்னு எப்பவுமே லொடலொடன்னு இருக்கும். எலி கிலி தட்டுச்சோ என்னமோ, வெள்ளப் பின்னு கழண்டு விழுந்துச்சு. பாட்டு படக்குன்னு நின்னுச்சு. நான் எந்திரிச்சு சொருகப் போறேன், வீட்டுக்குள்ள மலையம்மா கேக்குறா. மாமா, நா பேசுறது கேக்குதா, கேட்டாக் கையத் தூக்குங்க.

சத்தியமாச் சொல்லுறேன் பாய், கையத் தூக்கிட்டேன்.

மக மெசின்ல போட்டாத் தெரியாது. அவளுக்கு இந்த வயரு வித்தையெல்லாம் தெரியாது. தெரியவும் வேணாம். அதேன் நீங்க எட்டையும் வெட்டிக் குடுத்தா, இந்தாத்தா உங்க அம்மான்னு கையில குடுத்துருவேன். முழு சிடி அவ பக்கம் போகக்கூடாது. எங்க ஏரியாவுல மிக்சிங் கடையே இல்லையா, வில்லாபுரத்துலருந்து ஏன் நெல்பேட்ட வரைக்கும் வந்தேன்னு நெனக்கிறீக. அங்க எல்லாப் பயலுக்கும் என்னையத் தெரியும், முத்துப்பேச்சியையும் தெரியும். கேள்வி கேப்பாய்ங்க.

நீங்களும் கேக்குறீகதேன்.

சரி, ரெண்டாவது சிடியப் போடுங்க. ஏழாவதும் எட்டாவதும் அதுலதேன். இருபது நிமிசம் தாண்டி வரும். மாமா, இவளுக்கு வீட்டுக்குப் போகணுமாம், நா போகமாட்டேன், கடைசிப் பாட்டு வரைக்கும் இருப்பேங்குறா. அது ஏழு. எட்டு, கொஞ்சம் சலிச்சாப்புல: யப்பா, என்னா வெக்க. அம்புட்டுத்தேன். அதோட நிறுத்திருங்க. அங்கனயே வெட்டிருங்க.

நிறுத்துங்கன்னேனே பாய்.

சரி... ஓடட்டும். ஓடட்டும் விடுங்க. வெட்டுறவருக்குத் தெரியாம எப்படி.

இப்ப ராஜகுரு பேசுறான் பாருங்க, தூரமாக் கேக்கும். அவுக பட்டுநூல்காரப் பாஷையில ஒரு பாட்டு. அவுக அப்பா பட்டறையில நூலு அலசிக்கிட்டே பாடுனதாம். மேடையில எங்கயும் பாடுனதில்லையாம். வாத்தியம் கெடையாது, வெறும் கொரல். காலையிலயே எங்கிட்ட வந்து கையப் புடிச்சுச் சொல்லிட்டான், அண்ணே, இந்த ஒரு பாட்டுல மட்டும் வேற ஒரு பொட்டுச் சத்தம் கூடாதுண்ணே, எங்கப்பாவுக்காகப் பாடுறேன், சிடில சுத்தமா வரணும்னு. நான் தல மேல அடிச்சு சத்தியம் பண்ணாத கொறதேன். மேடையில மத்த மைக்குச் சத்தத்தையெல்லாம் எறக்குனேன். அவன் மைக் ஒண்ணு மட்டும் மேல. சனமும் கப்சிப்புன்னு அடங்குச்சு. எனக்கு அந்தப் பாஷையில ஒரு வார்த்த புரியாது பாய். ஆனா அந்தக் கொரலு இருக்கே.

இப்ப கேளுங்க.

ஆங். மாமா. செத்த இங்கிட்டு வாங்க.

வருதா. மறுக்கா ஒண்ணு வரும். மெதுவா வரும். மாமா... எனக்கு...

அவ்வளவுதேன். நின்னுபோச்சு. மெசினு நிக்கல பாய், தட்டாதீக, ஓடிக்கிட்டுத்தேன் இருக்கு. நாலு நிமிசம் இப்படித்தேன் இருக்கும். பாட்டும் இல்ல, சனமும் இல்ல, சும்மா. செவப்புல அந்த நாலு நிமிசம் ஒண்ணுமே கெடையாது.

வெள்ளையில பாட்டு இருக்கும். ஊரு பூரா அந்தப் பாட்டுத்தேன் இப்ப. டீக்கடையில போடுறாய்ங்க, மினி பஸ்ஸுல போடுறாய்ங்க. என்னையப் பாத்தா எந்திரிச்சு வந்து கையக் குடுக்குறாய்ங்க, அண்ணே, அம்புட்டுக் கூட்டத்துல எப்படிண்ணே இம்புட்டு அமைதியாப் புடிச்சீகன்னு. நான் அந்தக் கடையில டீ குடிக்கிறத விட்டுட்டேன். அடுத்த கடைக்குப் போனேன், அங்கயும் போடுறான்.

அந்த நாலு நிமிசத்துல ஏதாச்சும் இருக்குமா, கம்ப்யூட்டர்ல போட்டு ஏத்துனா, அந்த எனக்குங்கறதுக்குப் பெறகு என்னா சொன்னான்னு... வேணாம், நீங்க சொல்லாதீக. எனக்கே தெரியும். மிக்சர்ல எறக்குன மைக்கு ரிக்கார்டுக்குப் போகாது. போகாதது எங்க இருக்கும்? திண்டுக்கல்லு வரைக்கும் போயி மூணு எடத்துல கேட்டுட்டேன். மூணு பேரும் இதத்தேன் சொன்னாய்ங்க. நான் முப்பது வருசமா மத்தவனுக்குச் சொல்லிக் குடுத்தத எனக்கே சொன்னாய்ங்க.

இருங்க, இன்னும் முடியல. பாட்டு முடியப் போகுது. கைதட்டு வரணும்ல, அதுக்கு அந்த மைக்க ஏத்துவேன். இப்ப ஏத்துறேன் பாருங்க.

அது கைதட்டு மட்டும் இல்ல பாய். நல்லாக் கேளுங்க. பொம்பளைக கூப்பாடு. ஏ மலையம்மா, ஏ மலையம்மாங்குறாளுக. தண்ணி கொண்டாங்கடின்னு ஒருத்தி கத்துறா. நாப்பது பொம்பளைக எந்திரிச்சுக் கத்துறாளுக, ஆம்பளைக பக்கம் விசிலு பறக்குது, ரெண்டும் சேந்து மேடைக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ராஜகுரு தனக்குத்தேன்னு நெனச்சுட்டான். கையெடுத்துக் கும்பிட்டு அழுகுறான். அட்டையில இருக்கே படம், அது அப்ப எடுத்தது. உங்க கடையில பன்னெண்டு தொங்குது, எண்ணிட்டேன்.

நான் ஹெட்போனக் கழட்டி எறிஞ்சுட்டு ஓடுனேன். மூங்கில் அடியில படுத்துக் கெடந்தா. ஒரு கை அந்த மைக் வயரப் புடிச்சிருந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்பவே உசுரு இல்ல. நெஞ்சுன்னாங்க.

எழவு வீட்ல எல்லாரும் எனக்குத்தேன் ஆறுதல். மச்சான் முத்திருளன் எந்தோளப் புடிச்சுக்கிட்டு வந்தவுககிட்டயெல்லாம் சொல்லுறான், அவரு என்னா பண்ணுவாரு பாவம், காதுல ஹெட்போனு மாட்டியிருந்தாரு, கேட்டிருக்காது. மகளும் அதத்தேன் சொன்னா. நீ வேலையில இருந்தப்பா, உனக்கு எப்படிக் கேக்கும், மனசப் போட்டு ஒழப்பாதன்னு எங்கண்ணத் தொடச்சு விட்டா. இந்த வருசம் பூரா அதத்தேன் சொல்லிச் சொல்லி எனக்குச் சோறு போட்டா.

நானும் ஆமாங்குற மாதிரியே இருந்துட்டேன்.

ஹெட்போனு மாட்டுனாக் கேக்காதுன்னு யாரு பாய் சொன்னது? ஹெட்போனுலதேன கேக்கும்.

கேட்டுச்சு. வலது காதுல. அவ கொரலுன்னும் தெரிஞ்சுச்சு. இருபத்தாறு வருசம் கேட்ட கொரலு, தெரியாமயா? இந்த முறுக்குக்கு வேற நேரமே கெடைக்கலயா இவளுக்குன்னு நெனச்சேன். மொதத் தடவ மாமான்னதுக்குத் தலைய மட்டும் ஆட்டுனேன், இருடின்னு. மறுக்காக் கூப்புட்டா. சிடில வந்துரும், அந்தப் பயலுக்கு வாக்குக் குடுத்திருக்கோம்னு கையி தானாப் போச்சு பாய். எனக்குங்குறா. எறக்கிட்டேன்.

இந்த வெரலுதேன்.

 

சரி, வேலையப் பாருங்க. மகளுக்கு எட்டையும் கோத்துக் குடுங்க, கையத் தூக்குங்கங்குறது மொதல்ல வரட்டும். நடுவுல பாட்டு கீட்டு எதையும் போட்றாதீக. வியாழக்கெழம சாயங்காலம் வாரேன்.

பெறகு பாய், அந்த ஒன்பதாவது. வெட்டுனதும் அழிச்சிராதீக. அத மட்டும் தனியா ஒரு சிடில ஏத்தி வைங்க, அந்த நாலு நிமிசத்தோட சேத்து. மேல பேரு கீரு எழுத வேணாம். எதோடயும் கலக்காதீக, செவப்புலயே இருக்கட்டும். எம்மெசின்ல இப்ப வெள்ளப் பின்னு கெடையாது, நறுக்கிப் போட்டுட்டேன்.